வாங்கியது நாம், பூட்டியது யார்? – வாசகர் கேள்வி பதில்

ஒரு வருடமாக இங்க்ஜெட் பிரின்டரில் வெளிக் கம்பெனி கார்ட்ரிட்ஜ்தான் போடுகிறேன். போன வாரம் ஏதோ அப்டேட் ஆனது. அதிலிருந்து ‘இந்தக் கார்ட்ரிட்ஜை ஏற்க முடியாது’ என்கிறது. அதே கார்ட்ரிட்ஜ், அதே மை! – திண்டுக்கல் வாசகர்

மையில் குறை இல்லை. கார்ட்ரிட்ஜின் ஓரத்தில் விரல் நகத்தைவிடச் சிறிய செம்பு நிறத் தகடு இருக்கிறதே, அதுதான் சிப். பிரின்டர் முதலில் அந்தச் சிப்பிடம் ‘நீ யார்?’ என்று கேட்கும். சரியான பதில் வந்தால்தான் வேலை தொடங்கும். புதிதாக வந்த ஃபர்ம்வேர் (பிரின்டருக்குள்ளேயே இயங்கும் மென்பொருள்) அந்தக் கேள்வியை மாற்றிவிட்டது. உங்கள் கார்ட்ரிட்ஜுக்குப் பழைய பதில்தான் தெரியும். எச்பி நிறுவனம் இந்த ஏற்பாட்டுக்கு ‘டைனமிக் செக்யூரிட்டி’ என்று பெயரே வைத்திருக்கிறது.

முதலில் தகட்டைப் பஞ்சில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து மாட்டிப் பாருங்கள். மைப் பிசுக்கினாலும் இதே செய்தி வருவது உண்டு. அதற்கும் மசியவில்லை என்றால் கடைக்காரரிடம் ‘புது ஃபர்ம்வேருக்குப் பொருந்தும் சிப்’ உள்ள கார்ட்ரிட்ஜ் கேளுங்கள். வெளிக் கம்பெனிகளும் சும்மா இருப்பதில்லை, கொஞ்ச நாளில் புதிய சிப் கொண்டுவந்துவிடுவார்கள். பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பப் பெரும்பாலான மாடல்களில் வழி இல்லை. ஆகவே அடுத்த முறைக்காக, பிரின்டர் மெனுவில் தானியங்கி அப்டேட்டை அணைத்து வையுங்கள். கணினியில் இருக்கும் பிரின்டர் செயலியிலும் தனியாக அணைக்க வேண்டும். பலர் மறந்துவிடுவது இந்த இரண்டாவதைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் லெக்ஸ்மார்க் என்ற பிரின்டர் நிறுவனத்தின் வழக்கில் ஒரு நல்ல தீர்ப்பு சொன்னது. கார்ட்ரிட்ஜை விற்ற பிறகு, காப்புரிமையைக் காட்டி, மறுபடி மை நிரப்புகிறவர் மேல் வழக்குப் போட முடியாது என்றது. அது வழக்கைத்தான் தடுத்தது, சிப்பைத் தடுக்கவில்லை. நம் ஊரில் நீங்கள் பார்க்க வேண்டியது பிரின்டர் வந்த அட்டைப்பெட்டியை. ‘எங்கள் சிப் உள்ள கார்ட்ரிட்ஜ் மட்டுமே இயங்கும்’ என்று அதில் அச்சிட்டிருக்கிறதா? இல்லையென்றால், வாங்கும்போது சொல்லாத கட்டுப்பாட்டைப் பிறகு புகுத்தினார்கள் என்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். பெட்டியின் படமும் பில்லும் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று. மாதம் இருபது முப்பது பக்கம் கறுப்பு எழுத்து மட்டும்தான் அச்சிடுவீர்கள் என்றால் இங்க்ஜெட் உங்களுக்கான சாதனமே அல்ல. மை காய்ந்து நாசில் (மை வெளிவரும் நுண்துளை) அடைக்கும். அடைப்பு எடுக்க ‘ஹெட் கிளீனிங்’ ஓட்டினால் அதற்கே மை செலவாகும். அந்த மை அடியில் உள்ள பஞ்சில் போய்ச் சேரும். பஞ்சு நிறைந்துவிட்டதாகக் கணக்குக் காட்டினால் பிரின்டர் மொத்தமாக நின்றுவிடும். தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் கிளீனிங் ஓட்டாதீர்கள். ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். லேசர் பிரின்டரில் மைக்குப் பதிலாக இருக்கும் டோனர் வெறும் பொடி. ஆறு மாதம் சும்மா கிடந்தாலும் காயாது.

ஐஃபோனுக்கு வெளியில் பேட்டரி மாற்றினேன். ‘அசல் பேட்டரிதானா என்று உறுதி செய்ய முடியவில்லை’ என்ற செய்தி வருகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? – நாகர்கோவில் வாசகி

அந்தச் செய்தியை மட்டும் வைத்துக் கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. 2018-இல் வந்த எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் மாடல்களில் தொடங்கி, பேட்டரியில் உள்ள சிறு சர்க்யூட்டின் எண்ணும் போனின் மதர்போர்டும் ஜோடி சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஜோடி பிரிந்தால் செய்தி வரும். போன் ஓடும், சார்ஜ் ஏறும். முதல் சில நாள் பூட்டுத்திரையில் நச்சரித்துவிட்டு, அந்த வரி அமைப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். செய்தி வரக் கூடாது என்பதற்காகச் சில கடைகளில் பழைய பேட்டரியின் சர்க்யூட்டைப் பிரித்துப் புது செல்லில் வெல்டிங் செய்கிறார்கள். கைதேர்ந்தவர் செய்தால் பரவாயில்லை. மற்றபடி லித்தியம் செல்லின் பக்கத்தில் சூடு காட்டுவது நல்ல யோசனை அல்ல. செய்தியோடு வாழ்வதே மேல்.

ஏமாற்றப்பட்டீர்களா என்று பார்க்க வேறு அடையாளங்கள் இருக்கின்றன. அதே அளவு பேட்டரியில் அசலைவிட ஒன்றரை மடங்கு எம்ஏஎச் (கொள்ளளவின் அலகு) அச்சிட்டிருந்தால் அது புளுகு. செல்லின் கன அளவு கூடாமல் கொள்ளளவு அவ்வளவு கூடாது. 30 சதவீதத்தில் திடீரென்று அணைந்தால் செல் பழையது, அல்லது போனின் சார்ஜ் அளவுமானி புது செல்லுக்கு இன்னும் பழகவில்லை. ஒரு முறை முழுதாக ஏற்றி, தானாக அணையும் வரை பயன்படுத்தி, மறுபடி முழுதாக ஏற்றுங்கள். அதற்குப் பிறகும் அணைந்தால் திருப்பிக் கொடுங்கள். திரை ஒரு பக்கம் லேசாகத் தூக்கியிருந்தால் பேட்டரி உப்புகிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், அன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள். திரையைத் திறந்து மூடியதில் தண்ணீர் புகாமல் காக்கும் பசை போயிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். இனி மழையில் கவனம்.

இப்படி உதிரிபாகங்களை ஜோடி சேர்த்துப் பூட்டும் வழக்கத்தை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. 2025 முதல் தயாராகும் கருவிகளுக்கு அது பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன் மாடல்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் முக்கிய உதிரிபாகம் கிடைக்கச் செய்ய வேண்டும். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ‘ரைட் டு ரிப்பேர்’ இணையதளம் திறந்தது. கம்பெனிகளின் சர்வீஸ் விவரம், வாரன்டி விதி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. பயனுள்ளதுதான், ஆனால் அது தகவல் பலகை. கம்பெனியைக் கட்டிப்போடும் சட்டம் அல்ல.

ஒரு செயலியில் ‘ஒரு ரூபாய்க்கு ஏழு நாள்’ என்று போட்டிருந்தது, கட்டினேன். பிடிக்கவில்லை என்று செயலியை நீக்கியும் விட்டேன். இப்போது மாதாமாதம் 499 ரூபாய் போகிறது. – ஈரோடு வாசகர்

செயலியை நீக்கியதில் உங்கள் போனில் இடம் மிச்சமானது, அவ்வளவுதான். பணம் எடுக்கும் ஒப்புதல் செயலியில் இல்லை, உங்கள் யூபிஐ கணக்கில் இருக்கிறது. அன்றைக்கு பின் நம்பர் போட்டபோது திரையில் கீழே சின்ன எழுத்தில் மூன்று விஷயம் இருந்திருக்கும்: அதிகபட்சத் தொகை, எத்தனை நாளுக்கு ஒரு முறை, எந்தத் தேதி வரை. ஒரு ரூபாய் என்பது முதல் தவணை மட்டும். ஒப்புதல் கொடுத்ததோ ‘இந்தத் தொகை வரை, இத்தனை வருடத்துக்கு’ என்று. அடுத்த முறை இப்படி வந்தால் பெரிய எழுத்தை விட்டுவிட்டு அந்த மூன்றை மட்டும் படியுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: எந்த யூபிஐ செயலி வழியாகப் பணம் கட்டினீர்களோ அதைத் திறந்து, உங்கள் புரொஃபைல் பக்கத்தில் ‘ஆட்டோபே’ அல்லது ‘மேன்டேட்’ என்ற பகுதிக்குப் போங்கள். நடப்பில் உள்ளவை வரிசையாக நிற்கும். குறிப்பிட்டதைத் தொட்டு ‘கேன்சல்’ அல்லது ‘ரிவோக்’ கொடுத்து, பின் நம்பர் போடுங்கள். ‘பாஸ்’ (Pause) என்று ஒன்றும் இருக்கும். அது தற்காலிக நிறுத்தம்தான், ஏமாந்துவிடாதீர்கள். ரத்தான செய்தியைப் படம் பிடித்து வையுங்கள். கூகுள் பிளே வழியாகச் சந்தா சேர்ந்திருந்தால் பிளே ஸ்டோரில் ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பகுதியில் ரத்து செய்ய வேண்டும். கார்டு என்றால் வங்கியின் நெட்பேங்கிங்கில் இ-மேன்டேட் பகுதி.

ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுக்கக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு உங்களுக்குத் தகவல் வந்தாக வேண்டும். பொதுவாக 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காமல் எடுக்கலாம். அதனால் அந்த முன்னறிவிப்பு எஸ்எம்எஸ்தான் உங்களுக்கு இருக்கும் ஒரே எச்சரிக்கை மணி. விளம்பர எஸ்எம்எஸ் கூட்டத்தில் அதையும் சேர்த்து அழித்துவிடுகிறோம்.

போன பணம்? நீங்களே பின் போட்டு ஒப்புக்கொண்டதால் வங்கி இதை மோசடி என்று எடுத்துக்கொள்ளாது. வங்கியிடம் மல்லுக்கட்டாமல் 1915-க்குப் போங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் ‘டார்க் பேட்டர்ன்’ என்ற 13 வகைத் தில்லுமுல்லுகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. அதில் ‘சந்தாப் பொறி’ ஒன்று: சேர்வதை எளிதாக்கி, விலகுவதைச் சிக்கலாக்குவது, ரத்து செய்யும் பொத்தானை ஒளித்துவைப்பது. புகாரில் ‘சப்ஸ்கிரிப்ஷன் ட்ராப்’ என்ற அந்தச் சொல்லையே எழுதுங்கள். ‘பணம் போச்சு, உதவுங்கள்’ என்று எழுதுவதைவிட அதற்கு வலு அதிகம்.

வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட பதிவுக்கு அட்மின் சிறைக்குப் போக வேண்டுமா? – மன்னார்குடி வாசகர்

அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக இல்லை. சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 டிசம்பரில் இதைச் சொல்லியிருக்கிறது. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும் கேரள உயர் நீதிமன்றமும் இதே கருத்துதான். நீங்களும் சேர்ந்து திட்டமிட்டீர்கள், தூண்டினீர்கள் என்றால் கதை வேறு. ‘குழு அட்மின்களுக்கு எச்சரிக்கை’ என்று காவல்துறை பெயரில் சுற்றும் ஃபார்வர்டுகளை நம்ப வேண்டாம்.

அப்பா இருபது வருடமாகத் தட்டச்சு செய்து வைத்த ஊர் வரலாறு, பாமினி எழுத்துருவில் 300 பக்கம் இருக்கிறது. புதுக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. மீட்க முடியுமா? – யாழ்ப்பாண வாசகி

முடியும். ஓர் எழுத்துகூட அழியவில்லை, வேஷம்தான் கலைந்திருக்கிறது. பாமினி போன்ற எழுத்துருக்களில் கணினிக்குத் தமிழே தெரியாது. ஆங்கில ‘ஜே’ இருக்கும் இடத்தில் ‘த’ என்ற படத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கோப்பில் பதிந்திருப்பது ஆங்கில எழுத்து. ‘தமிழ்’ என்று அப்பா அடித்தது, எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாக நிற்கும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடில் தகரத்துக்கே சொந்தமாக ஓர் எண் உண்டு. கோப்பை அந்த யூனிகோடுக்கு மாற்றுவதுதான் இனி வேலை.

வேலையை ஆரம்பிக்கும் முன் கோப்புகளை ஒரு பிரதி எடுத்து, அதில் மட்டும் கை வையுங்கள். வேர்டிலோ லிப்ரெ ஆபீஸிலோ திறந்து, குப்பையாகத் தெரியும் வரியில் கர்சரை வைத்தால் எழுத்துருவின் பெயர் மேலே தெரியும். உண்மையிலேயே பாமினியா? தமிழ்நாட்டு அலுவலகக் கோப்பு என்றால் வானவில் எழுத்துருவாக இருக்கும். 1999-க்குப் பிறகு டாப், டாம் குறியாக்கங்களும் வந்தன. பாமினிக்கான மாற்றியில் வானவில்லைப் போட்டால் குப்பை வேறு குப்பையாகும். இப்படி மாற்றித் தரும் என்எச்எம் கன்வர்ட்டர், கணினியிலேயே நிறுவிக்கொள்ளும் மென்பொருள். குடும்ப விஷயங்கள் உள்ள கோப்பை இணையத்தில் உள்ள மாற்றிகளில் ஒட்டுவதைவிட இது நல்லது.

எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆவணத்தில் நடுநடுவே உண்மையான ஆங்கிலச் சொற்களும் இருக்கும். மொத்தத்தையும் அள்ளி மாற்றினால் அவையும் தமிழ்க் குப்பையாகிவிடும். தேடல் பெட்டியில் ‘எழுத்துரு: பாமினி’ என்று வடிவத்தை வைத்துத் தேடி, அந்தப் பகுதிகளை மட்டும் மாற்றுங்கள். ஒரேயடியாக 300 பக்கம் வேண்டாம். முதலில் கொ, கௌ, ணை, ஸ்ரீ, ஜூ, மேற்கோள்குறி எல்லாம் வருகிற ஒரு பக்கத்தை எடுத்துச் சோதியுங்கள்.

மாற்றிய பின் பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்றும் சொல்லிவிடுகிறோம். பாமினியில் ‘ெ’ கொம்பை முதலில் அடித்து, பிறகு ‘க’ அடிப்பார்கள். யூனிகோடில் ‘க’ முதலில், கொம்பு பிறகு. மாற்றி இதைச் சரியாகப் புரட்டவில்லை என்றால் கொம்பு முந்தைய எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்து ‘கௌ’. அப்பா கொம்பு, க, ள என்று அடித்திருப்பார்; அது ‘கெள’ என்று மாறியிருக்கும். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ‘கௌரி’ என்று தேடினால் கிடைக்காது. ‘கெள’, ‘மெள’, ‘பெள’ என்று ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துங்கள். ‘ஔவை’ எங்காவது ‘ஒளவை’ ஆகியிருக்கும். துணைக்காலும் புள்ளியில்லாத ரகரமும் இடம் மாறியிருக்கும். ‘பாரம்’ போன்ற சொற்களை நிதானமாகப் பாருங்கள். ‘ஸ்ரீ’யை ஸகரத்திலும் எழுதலாம், ‘ஶ’ கொண்டும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒரே உருவம், தேடலுக்கு இரண்டும் வேறு.

கோப்பு போய் பிடிஎஃப் மட்டும் மிஞ்சியிருந்தால், ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். பாமினிக் குப்பையாக வந்தால் மேலே சொன்ன வழியே போதும். கட்டங்களாக வந்தால் எழுத்தை ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தை அடையாளம் காணும் முறை) மூலம் படிக்க வைக்க வேண்டும். 300 டிபிஐ அளவில் பக்கங்களைப் படமாக்கி, டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளில் தமிழ் மொழிக்கோப்பைச் சேர்த்து ஓட்டலாம். அல்லது கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறக்கலாம். ‘ணி’யும் ‘னி’யும் குழம்பும், இடப்பெயர்களை அப்பாவே ஒரு முறை படித்துவிடுவது நல்லது. கடைசியாக யூடிஎஃப்-8 உரைக்கோப்பாக ஒன்றும், பிடிஎஃப் ஆக ஒன்றும் சேமியுங்கள்.

தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்குப் பிறகும் பாமினியிலும் வானவில்லிலும் அடிக்கிற டிடிபி கடைகள் இருக்கின்றன. வேலை கொடுக்கும்போதே ‘யூனிகோடில் மூலக்கோப்பும் வேண்டும்’ என்று கேட்டு வாங்குங்கள்.

மின்னூலைக் காசு கொடுத்து வாங்குகிறேன். அது என்னுடையதுதானே? – சேலம் வாசகர்

பெரும்பாலும் இல்லை. ‘வாங்கு’ என்ற பொத்தானுக்குப் பின்னால் இருப்பது படிக்கும் அனுமதி. 2009 ஜூலையில் அமேசான், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாசகர்களின் கிண்டில்களிலிருந்து இரண்டு நூல்களைத் தொலைவிலிருந்தே அழித்தது. அதில் ஒன்று ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’. எல்லாவற்றையும் கண்காணித்து, வேண்டாததை அழிக்கும் அரசைப் பற்றிய நாவல்! பணம் திரும்ப வந்தது, நிறுவனம் மன்னிப்பும் கேட்டது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோதும் பணம் திரும்பியது, நூல்கள் போயின. 2025 பிப்ரவரி 26 முதல் கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக மாற்றும் வசதியும் நின்றது. கலிஃபோர்னியாவில் அந்த ஆண்டு முதல், இது உரிமம்தான் என்று வெளிப்படையாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று போடக் கூடாது.

மின்னூலை நகலெடுக்க விடாமல் தடுக்கும் மென்பொருள் பூட்டை உடைக்கலாமா என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. நோக்கம் என்ற சொல் முக்கியம். சட்டம் தடுக்காத காரியத்துக்காகச் செய்வதற்கு விலக்கும் அதே பிரிவில் உண்டு. அதற்காகப் பூட்டை உடைத்த கோப்பை நண்பர்கள் குழுவில் போடலாம் என்று அர்த்தம் இல்லை.

பூட்டில்லாத ஈபப் (மின்னூலுக்கான பொதுவான கோப்பு வகை) கோப்பாகவே விற்கும் பதிப்பகங்களிடம் வாங்கினால் இந்தத் தொல்லையே கிடையாது. பழந்தமிழ் நூல்களுக்கு 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் இருக்கிறது. நாட்டுடைமையான நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடுங்கள்.

துணிக்கடையில் போன் நம்பர் சொல்லாவிட்டால் பில் வராதாம். – கும்பகோணம் வாசகி

வரும். போன் நம்பரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நுகர்வோர் விவகார அமைச்சகம் 2023 மே மாதமே சில்லறை வணிக அமைப்புகளுக்குச் சொல்லிவிட்டது. ‘காகித பில் போதும்’ என்று சொல்லுங்கள். சாப்ட்வேர் கேட்கிறது என்றால் கடை நம்பரையே போடச் சொல்லுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தாலும் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை கல்லாவில் நிற்பவரிடம் மரியாதையாக மறுப்பதுதான் வழி. அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, மாதச் சம்பளக்காரர்.

ஸ்மார்ட் டிவி நாம் பார்ப்பதை ஒட்டுக்கேட்கும் என்கிறார்களே, நிஜமா? மூன்று வருடத்தில் டிவி மிகவும் மெதுவாகவும் ஆகிவிட்டது. – காரைக்கால் வாசகர்

ஒட்டுக்கேட்பதைவிட ‘ஒட்டிப்பார்க்கும்’ என்பது பொருத்தம். ஏசிஆர் என்ற வசதி, திரையில் ஓடும் படத்தின் சில புள்ளிகளை அவ்வப்போது எடுத்து, சர்வரில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டு என்ன நிகழ்ச்சி என்று கண்டுபிடிக்கும். செட்டாப் பாக்ஸ் வழியாக எச்டிஎம்ஐ-யில் வருவதையும் அது பார்க்கும். அமெரிக்காவில் விஜியோ நிறுவனம் அனுமதி கேட்காமல் இதைச் செய்ததற்காக 2017-இல் 22 லட்சம் டாலர் கட்டியது. சாம்சங்கில் ‘வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்’, எல்ஜியில் ‘லைவ் பிளஸ்’, சில சோனி மாடல்களில் ‘சம்பா’ என்று பெயர் வைத்திருப்பார்கள். அமைப்புகளில் தேடி அணையுங்கள். டிவி ஓடுவதற்கு இது தேவையே இல்லை. பெரிய சாஃப்ட்வேர் அப்டேட்டுக்குப் பிறகு மறுபடி ஒரு தடவை பாருங்கள்.

மெதுவாவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் சொற்ப நினைவகம். விலை குறைந்த பல மாடல்களில் செயலிகளுக்கு மொத்தமே 8 ஜிபி, அதிலும் பாதிக்கு மேல் சிஸ்டமே எடுத்துக்கொள்ளும். பார்க்காத செயலிகளை நீக்கி, மற்றவற்றின் கேஷை (சேர்ந்து கிடக்கும் தற்காலிகக் கோப்புகளை) காலி செய்யுங்கள். ரிமோட்டில் அணைத்தால் டிவி தூங்கத்தான் செய்கிறது. சுவரில் சுவிட்சை அணைத்து இரண்டு நிமிடம் விட்டுப் போடுங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் ஃபாக்டரி ரீசெட், கடவுச்சொற்களை எழுதி வைத்துக்கொண்டு. அதன் பிறகும் ஆமை வேகம்தான் என்றால் டிவியை மாற்றாதீர்கள், திரைக்கு ஒன்றும் ஆகவில்லை. டிவியின் வைஃபையைத் துண்டித்துவிட்டு, எச்டிஎம்ஐ-யில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகுங்கள். ஸ்டிக்கிலும் விளம்பரக் கண்காணிப்புக்குத் தனி அமைப்பு இருக்கும். முதல் நாளே அதை அணைத்துவிடுங்கள்.